சிங்காரவேலுவின் விரல்

திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் சிங்காரவேலு என்று ஒரு கம்ப்யூட்டர் மேனேஜர் இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும், சர்வரில் உள்ள கணக்குகளை நகலெடுத்து வைத்த பேக்கப் டிஸ்க்குக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிடுவார். அதிலிருந்து ஒரு ஃபைலைக்கூட மீட்டுப் பார்த்ததில்லை.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த தவமணி, "ஒரு தடவை மீட்டுப் பார்த்துடலாம் சார்" என்றாள். அவ்வளவுதான், மனுஷன் முதலாளியம்மாவைச் சர்வர் அறைக்கே வரவழைத்துவிட்டார்.

"நேத்து வந்தவ என் பேக்கப்பைச் சந்தேகப்படறாளுங்கம்மா! டிஸ்க்கைத் தொடாமலே அது சரியில்லைன்னு நிரூபிக்கட்டும். முடியலைன்னா வேலையை விட்டுப் போகட்டும்."

தவமணியின் குடும்பத்தில் ஆபீஸ் வேலைக்கு வந்த முதல் ஆள் அவள்தான்.

"தொடவே மாட்டேனுங்க சார். பேக்கப் பத்திரமா இருந்தா, சர்வரை இப்பவே அழிச்சுட்டு அதுலேருந்து மீட்டுக்கலாமுங்களே?" என்றவள், அழிக்கும் கட்டளையைத் திரையில் அடித்துவிட்டு, கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள். "என்டரை நீங்களே தட்டுங்க சார்."

சிங்காரவேலு கம்பீரமாக விரலை நீட்டினார். விரல் பாதி வழியில் நின்றுவிட்டது. ஏசி அறையில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"இப்ப ராகு காலமுங்கம்மா" என்றார்.

முதலாளியம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "அது முடிஞ்சு ஒரு மணி நேரமாச்சுங்க. தவமணி, அந்த டிஸ்க்கை வேற மெஷின்ல போட்டு மீட்டுப் பாரு. முதல்ல அந்தக் குங்குமத்தைத் துடை."