பட்டுக் கயிற்றுக்கு ஒரு சாட்சி

முன்னொரு காலத்தில், எங்கே தேடினாலும் கிடைக்காத ஒரு நாட்டில், தூக்குமரத்தில் அரண்மனைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. 'தூக்கு வலிக்காது என்று சபையில் ஒருவர் சாட்சி சொல்லும்வரை யாரையும் தூக்கிலிடக் கூடாது' என்று ராஜாவின் பாட்டனார் சட்டம் போட்டிருந்தார்.

பக்கத்து நாட்டு விருந்துக்குப் போய்வந்த ராஜாவுக்கு அது உறுத்தியது. "அங்கே தூக்குமரம் வேலை செய்கிறது. நம்முடையதில் வேட்டி தொங்குகிறது" என்று அங்கலாய்த்தார்.

அந்த நேரம் பார்த்து விகடகவி தோணியப்பன், ராஜாவின் புதுக் கிரீடம் இட்லிக் கொப்பரை மாதிரி இருப்பதாகச் சொல்லித் தொலைத்தான். தளவாய் வீரபாகுவுக்கு அவன்மேல் நெடுநாள் பொறாமை.

"முதல் ஆள் கிடைத்துவிட்டான், மகாராஜா" என்றார். கோபத்திலிருந்த ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

தோணியப்பன் தன்னையே நொந்துகொண்டான். உடம்பில் மற்றதெல்லாம் சோம்பேறி; இந்த நாக்கு மட்டும் ஏன் இப்படி உழைக்கிறது?

நீதி சபை கூடியது. வீரபாகு ஒரு பட்டுக் கயிற்றை உயர்த்திக் காட்டினார். "நியாயாதிபதி அவர்களே, இது அயல்நாட்டுக் கயிறு. துளியும் வலிக்காது. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன்."

"செய்யட்டும்" என்றான் தோணியப்பன். "இந்தக் கொழுத்த உடம்பில் என் கழுத்து எங்கே ஆரம்பிக்கிறதென்று என் வீட்டுக்காரிக்கே தெரியாது. மாட்டுகிறவர் பாடு. ஆனால் இந்தச் சபையில் ஒருவன் தான் அனுபவித்ததைத்தானே சாட்சி சொல்லலாம்? கேள்விப்பட்டதைச் சொன்னவனை நேற்று மாட்டு வழக்கில் விரட்டியவரே தளவாய்தானே?"

நியாயாதிபதி தாடியைத் தடவினார். "வழக்கம் அதுதான். தளவாயே, தாங்கள் எப்போது தொங்கினீர்கள்?"

"இவனைத் தொங்கவிட்டு இவனையே கேளுங்கள்."

"கைதி சாட்சி செல்லாதுங்க. அதோடு நான் மறதிக்காரன். இறங்கி வந்து சொல்ல மறந்துவிட்டால் உங்கள் வழக்கல்லவா கெட்டுப்போகும்?"

ராஜாவின் மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. "ஏறும், வீரபாகு."

வேட்டிகளை விலக்கிக்கொண்டு தளவாய் ஏறினார். கயிறு கழுத்தில் பட்டதுதான் தாமதம்.

"கொஞ்சம்... வலிக்கிற மாதிரி இருக்கிறது, மகாராஜா."

"சாட்சி முடிந்தது" என்று நியாயாதிபதி எழுந்தார். "வலிக்கிறதாம். தூக்கு கிடையாது."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றித் தோணியப்பனுக்குப் போட வந்தார்.

அவன் பின்னால் நகர்ந்து உள்ளங்கையை நீட்டினான். "கையில் கொடுத்துவிடுங்கள், மகாராஜா. இன்றைக்குக் கழுத்தில் எது விழுந்தாலும் அழுதுவிடுவேன்."