மேலாக மொண்ட கஞ்சி

"இந்தக் காத்தை நிறுத்தித் தாங்க ஆசானே. அது முடியலேன்னா உங்களுக்கு ஆசான்னு பேரு எதுக்கு?"

மெற்றில்டா வாசலிலேயே நின்று கேட்டாள். முந்தானையில் மணல், காதில் மணல், வாயிலும் மணல். துப்பிவிட்டுத்தான் பேசினாள்.

கரையில் ஆண்கள் எல்லாரும் மண்டியிட்டு இருந்தார்கள். வேண்டுதலை முன்னின்று நடத்த ஆசானைக் கூட்டிவரும்படி அவளை அனுப்பியிருந்தார்கள். மண்டியிடுவது அவர்கள் வேலை. மணற்காற்றில் நடப்பது பெண்பிள்ளை வேலை.

ஆசான் அவளைவிட இளையவர். படகுத்துறைக்குப் பின்னால் ஓலைக்கொட்டகையில் இருந்தார். யார் சண்டைக்கு வந்தாலும் உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றுவார். மெற்றில்டா பல வருடமாக அவருடைய சிஷ்யை. அதனால் நிறையக் கஞ்சி குடித்தவள்.

"உட்காருங்க," என்றார்.

"உட்கார வரல்ல. வள்ளமெல்லாம் கரையில கவுந்து கெடக்கு. பிள்ளை பெத்த என் மக பட்டினி கெடக்கா. பால் சுரக்கல்ல. குழந்தை சப்பிச் சப்பிப் பார்த்துட்டு அழுவுது. சாமியார் பூசை வச்சாச்சு. மாதா சுரூபத்தைக் கடலைப் பார்த்துத் திருப்பி வச்சாச்சு. காத்து நின்னுச்சா?"

"நிக்கல்ல."

"கடலும் கெட்டுப்போச்சு. பச்சைப் பிடிச்ச தண்ணி. காலை வச்சா விறைக்குது. அடியில கெடந்ததை எவனோ அள்ளி மேல கொட்டுன மாதிரி!"

"போன வருசம் எப்படி?"

"போன வருசம் காத்தே இல்லையே! கடல் குளம் மாதிரி கெடந்துது. தண்ணி கண்ணாடி. குனிஞ்சா அடியில கெடக்க சிப்பி தெரியும். தினமும் போனாங்க."

"மீன்?"

"அந்த வயித்தெரிச்சலை இப்ப எதுக்குக் கிளப்புறீங்க? அந்த வருசம் பூரா குழம்புக்கு ஒரு சாளை அகப்படல்ல."

ஆசான் எழுந்தார். கஞ்சிப்பானை விடியற்காலையிலிருந்து தணல்மேல் அசையாமல் இருந்தது. மேலாக ஒரு அகப்பை மொண்டு கிண்ணத்தில் ஊற்றி நீட்டினார்.

கிண்ணத்தின் அடி தெரிந்தது.

மெற்றில்டா கிண்ணத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

மறுபடியும் மேலாக மொண்டார். மறுபடியும் தண்ணீர்.

"இது குடிக்கவா, கை கழுவவா?"

"தெளிவா இருக்கு. உங்களுக்குப் பிடிக்குமேன்னு."

"தெளிவைத் தின்னா பசி ஆறுமா? சோறு பூரா அடியில கெடக்கு. துழாவாம மொண்டா தண்ணிதான் வரும். இதுகூடத் தெரியாத நீங்க ஆசான். உங்க பின்னால சுத்துற நான் சிஷ்யை. நல்லா இருக்கு!"

"துழாவட்டுமா?"

"துழாவுங்க!"

அவர் இரண்டு கையாலும் அகப்பையைப் பிடித்து, அடிவரை இறக்கிச் சுழற்றினார். பானை ஆடியது. கஞ்சி விளிம்பு தாண்டிச் சிந்தியது. தணல் சீறி அணைந்தது. கொட்டகை முழுக்கப் புகை. அவள் புறங்கையில் சூடாகத் தெறித்தது.

"ஐயோ, மெல்ல!"

"மெல்லத் துழாவினா அடிச்சோறு மேல வருமா?"

மெற்றில்டா புறங்கையைத் துடைத்தாள்.

வாசல் வழியே கடல் பக்கம் பார்த்தாள்.

கூரை ஓலை படபடவென்று அடித்துக்கொண்டது. காற்றில் கடல் இரைவது கேட்டது.

"புரிஞ்சுது," என்றாள். குரல் இறங்கவில்லை. ஏறியது. "நல்லாவே புரிஞ்சுது. காத்து கடலைத் துழாவட்டும். அடியில கெடக்க இரை மேல வரட்டும். மீன் வரட்டும். அதுவரைக்கும் என் மக எதைத் தின்பா? உங்க பாடத்தையா?"

ஆசான் அகப்பையைப் பானைக்குள் போட்டார்.

இந்தக் கேள்விக்கு அவரிடம் கஞ்சி மட்டும்தான் இருந்தது.

மூலையில் இருந்த அரிசிச் சாக்கை எடுத்து அவள் இடுப்பில் வைத்தார். துண்டைச் சுருட்டிச் சும்மாடாக்கி, பானையைத் தன் தலையில் ஏற்றினார்.

"உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"நடங்க."

காற்று இருவரையும் பின்னால் தள்ளியது. தள்ளத் தள்ள நடந்தார்கள்.

மண்டியிட்டிருந்த கூட்டத்தில் முதலில் பார்த்தவர் வள்ளக்காரர் தனிஸ்லாஸ்.

"ஆசான் வந்தாச்சு! காத்து நிக்கணும்னு கேளுங்க ஆசானே. நாங்க ஆமென் சொல்லுதோம்."

ஆசான் பானையை மணலில் இறக்கினார். மூச்சு வாங்கியது. அகப்பையை மெற்றில்டாவிடம் கொடுத்தார்.

மெற்றில்டா கடலைப் பார்த்தாள். பச்சையாக, கலங்கலாக, அடியிலிருந்து புரண்டு புரண்டு வந்துகொண்டிருந்தது.

"எழும்புங்க எல்லாரும்," என்றாள்.

"வேண்டுதல் என்னாச்சு?"

"துழாவுற கையைப் பிடிக்கப்படாது."

தனிஸ்லாஸ் ஆசானின் கையைப் பார்த்தார். அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. "யாரு கையை?"

மெற்றில்டா அகப்பையை அடிவரை இறக்கினாள்.

"பாத்திரம் கொண்டு வாங்க. முதல் அகப்பை என் மகளுக்கு."