சேந்தன் வாங்கிய வெள்ளைக் குதிரை

பெரியவர்களே, பிள்ளைகளே, கேளுங்கள். எல்லாவற்றையும் மறந்துபோகிற மன்னர்கள் வரியை மட்டும் மறக்காமல் இருந்த பழைய காலம் அது. நீலி ஏரி என்று ஒரு பெரிய ஏரி இருந்தது. அதன் வடகரையில் ஓர் ஊர், தென்கரையில் ஓர் ஊர். வடகரையில் உய்யவந்தான் என்று ஒருவன் இருந்தான். தென்கரையில் சேந்தன் என்று ஒருவன் இருந்தான்.

உய்யவந்தான் தனக்குச் செய்த கொடுமைகள் மூன்று என்பான் சேந்தன். கேட்டவர்களுக்கும் சொல்வான், கேட்காதவர்களுக்கும் சொல்வான். சொல்லும் வரிசை மட்டும் மாறவே மாறாது.

முதல் கொடுமை. அரசனின் அதிகாரி மதகை அடைத்து இரண்டு ஊர் வயலையும் காயப்போட்டபோது, திறக்கச் சொல்லி இருவரும் மதகின் முன்னால் படுத்து மறித்தார்கள். முதலில் படுத்தவன் சேந்தன். உய்யவந்தான் கஞ்சி குடித்துவிட்டு நிதானமாக வந்து பக்கத்தில் படுத்தான். தண்ணீர் வந்தது. ஊர் என்ன சொன்னது? “உய்யவந்தானும் சேந்தனும் படுத்து வாங்கிய தண்ணீர்” என்றது. படுத்த வரிசை ஒன்று, பாராட்டிய வரிசை வேறு!

இரண்டாம் கொடுமை. படுத்ததற்காக இருவரையும் காவலர்கள் கட்டிவைத்து அடித்தார்கள். உய்யவந்தானுக்கு அடி நெற்றியில் விழுந்தது. சேந்தனுக்கு முதுகில் விழுந்தது. நெற்றித் தழும்பு சந்தையிலும் தெரியும், திருவிழாவிலும் தெரியும். முதுகுத் தழும்பை யார் பார்ப்பார்கள்? மேல்துண்டை எடு, பார்க்கலாம் என்று யார் கேட்பார்கள்?

மூன்றாம் கொடுமை. பின்னாளில் மதகருகே கல் நட்டார்கள். கல்லின் உச்சியில் உய்யவந்தான் பெயர், அடியில் சேந்தன் பெயர். மழை பெய்தது, புல் முளைத்தது. ஆடு வந்து மேய்ந்தால்தான் சேந்தன் பெயர் வெளியே தெரியும்.

நான்காவதாக ஒன்றும் உண்டு. அதை மட்டும் அவன் யாரிடமும் சொன்னதில்லை. இந்த மூன்றும் கொடுமை என்றே உய்யவந்தானுக்குத் தோன்றியதில்லை. அதுதான் நான்காவது.

ஒரு மழைக்காலத்தில் ஏரிக்கரை விரிசல் விட்டது. மதகிலிருந்து ஓடிவந்த காவல்காரன் மூச்சிரைத்து ஊர் சேர்வதற்குள் பாதி வயல் போய்விட்டது. இரண்டு ஊரும் கூடிப் பேசின. இனி மழைக்காலம் முழுவதும் மதகில் இரண்டு குதிரைகள் நிற்க வேண்டும். கரை உடையும் அறிகுறி தெரிந்தால் ஒன்று வடக்கே ஓட வேண்டும், மற்றொன்று தெற்கே ஓட வேண்டும். தென்கரை பள்ளத்தில் இருக்கும் ஊர். தெற்கே ஓடும் குதிரை தாமதித்தால் ஊரே மிஞ்சாது.

தென்கரைக்காரர்கள் ஏழைகள். கொலுசைக் கழற்றினார்கள், குடத்தை விற்றார்கள், கன்றுக்குட்டியை விற்றார்கள். எல்லாவற்றையும் முடிச்சாகக் கட்டிச் சேந்தன் கையில் கொடுத்தார்கள்.

அவன் மனைவி நங்கை வாசல்வரை வந்தாள். “குதிரைக்காரன்கிட்ட உய்யவந்தான் கதையை ஆரம்பிச்சுடாதீங்க. போனோமா, குதிரையைப் பார்த்தோமா, வந்தோமான்னு வாங்க” என்றாள்.

“நான் எங்கே அவன் கதையைப் பேசறேன்?” என்றான் சேந்தன். வழிநெடுக அதைத்தான் பேசினான், தனக்குத் தானே.

துறைமுகச் சந்தையில் இளங்கூத்தன் என்று ஒரு குதிரை வணிகன் இருந்தான். வணிகனிடம் குதிரை வாங்குவதில் நன்மை உண்டு, மக்களே. கடல் தாண்டி நாம் போக முடியாத தேசத்திலிருந்து அவன் கொண்டுவருகிறான். மூன்று சோதனைகளுக்கு அவன் இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சந்தை முறை. தண்ணீரில் இறக்கிப் பார்க்கலாம். காதருகே பறை அடித்துப் பார்க்கலாம். கூட்டத்தை விட்டுத் தனியே ஓட்டிப் பார்க்கலாம். அதற்கு மேலும் குறை கண்டால் அடுத்த அமாவாசைக்குள் திருப்பிக் கொடுக்கலாம். இவ்வளவும் நன்மை.

கெடுதலும் உண்டு. குதிரையை அவனுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அதைவிடக் கெடுதல், நம்மையும் அவனுக்குத் தெரியும்.

அங்கே ஒரு வெள்ளைக் குதிரையும் ஒரு செவலைக் குதிரையும் அருகருகே நின்றன. சேந்தன் கண் வெள்ளையின் மேல் விழுந்தது. தண்ணீரில் இறக்கினான். வெள்ளை இறங்கியது, செவலையும் கூடவே இறங்கியது. பறை அடிக்கச் சொன்னான். வெள்ளை அசையவில்லை, பக்கத்தில் செவலையும் அசையவில்லை. மூன்றாவது சோதனைக்காக வெள்ளையின் கயிற்றைப் பிடித்தான். அப்போதுதான் பார்த்தான். வணிகனின் துண்டுக்குள் வேறொருவன் கை இருந்தது. கைக்கு மேலே பார்த்தான். நெற்றியில் தழும்பு.

அந்தச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. வணிகன் கையின் மேல் துண்டைப் போடுவான். வாங்குகிறவன் உள்ளே கையை விட்டு விரலைப் பிடிப்பான். விரல்தான் பேசும். எந்தக் குதிரைக்கு, என்ன விலைக்கு என்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது.

“என்னப்பா சேந்தா, நீயும் வந்துட்டியா?” என்று சிரித்தான் உய்யவந்தான். “வெள்ளை அழகா இருக்குது இல்ல?”

அவ்வளவுதான். சேந்தன் வணிகன் பக்கம் நகர்ந்தான்.

“அவன் எந்தக் குதிரைக்கு விரல் பிடிக்கிறான்?” என்று வணிகன் காதில் கேட்டான்.

“துண்டுக்குள்ள நடக்கிறதை வெளியே சொன்னா நான் வியாபாரம் பண்ண முடியுமா, ஐயா?” என்றான் இளங்கூத்தன். “உங்களுக்கு இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கு. தாராளமா ஓட்டிப் பாருங்க. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் வெள்ளை விலைபோகாம இருந்தா உங்களுக்குத்தான்.”

பொய் சொன்னானா? இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொறாமைக்காரனிடம் வியாபாரம் செய்ய எவனும் பொய் சொல்லத் தேவையில்லை.

சேந்தன் கயிற்றை விட்டான். வணிகனின் மற்றொரு கையைப் பிடித்தான். துண்டின் மறு ஓரத்துக்குள் விரல்களை நுழைத்து, தென்கரையின் முடிச்சு முழுவதையும் அந்த விரல்களில் சொல்லிவிட்டான்.

விற்ற குதிரைக்கு உரியவன் யார் என்பதைச் சாட்சிகள் முன் உரக்க வாசிப்பதும் அங்கே முறை. ஓலைக்காரர் எழுந்தார். “வெள்ளைக் குதிரை. வாங்கியவர் தென்கரைச் சேந்தன்!” என்றார். அதற்குப் பிறகுதான், “செவலைக் குதிரை. வாங்கியவர் வடகரை உய்யவந்தான்” என்றார்.

முதலில் சேந்தன்! வாழ்நாளில் முதல்முறையாகச் சேந்தன் முன்னே, உய்யவந்தான் பின்னே. அந்த இனிப்பு நாக்கில் கரைவதற்குள் ஒன்று உறைத்தது. உய்யவந்தான் விரல் பிடித்தது செவலைக்கு. வெள்ளையை அவன் கேட்கவே இல்லை. ‘அப்படியானால் செவலையில் ஏதோ இருக்கிறது’ என்று அப்போதே சேந்தனுக்குச் செவலையின் மேல் ஆசை வந்துவிட்டது.

திரும்பும் வழியில் வெள்ளை அழகாக நடந்தது. செவலைக்குப் பின்னால் நடந்தது. மதகருகே வழி பிரிந்தது. செவலை வடக்கே திரும்பியது. வெள்ளையும் வடக்கே திரும்பியது. சேந்தன் இழுத்தான், அதட்டினான், கெஞ்சினான். தென்கரையில் மாலையோடும் மேளத்தோடும் ஊர் காத்திருந்தது. கடைசியில் துண்டால் அதன் கண்ணைக் கட்டி, கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். வீட்டில் கட்டியதும் அது வடக்கைப் பார்த்துக் கனைக்கத் தொடங்கியது. நிறுத்தவே இல்லை.

“குதிரை வாங்கச் சொன்னாங்க” என்றாள் நங்கை. “ஒப்பாரி வாங்கிட்டு வந்திருக்கீங்க.”

“கடல் தாண்டி வந்த குதிரை. பழக நாளாகும்” என்றான் சேந்தன். ஊருக்கும் அதையே சொன்னான்.

அமாவாசைக்குள் திருப்பியிருக்கலாம். ஆனால் திருப்பினாலும் வாசிப்பார்கள். ‘தென்கரைச் சேந்தன் குதிரை பார்க்கத் தெரியாமல் வாங்கித் திருப்பிக் கொடுத்தார்’ என்று சாட்சிகள் முன் ஓலைக்காரர் வாசிப்பதும், அது வடகரைக்கு எட்டுவதும், உய்யவந்தான் ‘பாவம்’ என்று சொல்வதும் அவன் காதில் இப்போதே கேட்டது. அந்தப் ‘பாவம்’ என்ற சொல்லை அவனால் தாங்க முடியாது. அமாவாசை வந்தது, போனது.

ஒருநாள் உய்யவந்தானே வந்தான்.

“சேந்தா, இதுங்க ரெண்டும் ஒரே கப்பல்ல வந்ததாம், ஒண்ணா வளர்ந்ததாம். என் செவலை தனியாப் போகுது, நான் ஓட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். உன் வெள்ளைதான் அதை விட்டுப் பிரிய மாட்டேங்குது. கொஞ்ச நாள் என் தொழுவத்துல விடு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சுப் பழக்கிடலாம்.”

“அதாவது, என் குதிரை உன் குதிரைக்குப் பின்னாலே போகுதுன்னு சொல்ல வந்திருக்கே.”

“போகுதேப்பா! அதைத்தானே சொல்றேன்.”

“போ வெளியே” என்றான் சேந்தன்.

சோதனையை விட்டான், அது ஒன்று. திருப்பாமல் விட்டான், அது இரண்டு. நீட்டிய கையைத் தட்டிவிட்டான், அது மூன்று. அதன் பிறகு மாலைதோறும் செவலை கரைமேல் வரும் நேரம் பார்த்து வெள்ளையைக் கொண்டுபோனான். அப்போதுதான் அது ஓடும். தூரத்திலிருந்து பார்த்த தென்கரை, ‘நம்ம குதிரை என்னமா ஓடுது’ என்று மகிழ்ந்தது. கிட்டத்தில் பார்த்த வடகரைப் பிள்ளைகள், “செவலைக்கு வெள்ளை வாலு! செவலைக்கு வெள்ளை வாலு!” என்று கூவினார்கள்.

மழை வந்தது. விட்டு விட்டு அல்ல, விடாமல் வந்தது. இருவரும் தத்தம் குதிரையோடு மதகில் காவல் நின்றார்கள். ஒரு காலையில் மதகின் தென்புறத்தில் மண் கரைந்து சேறாக வழிந்தது.

“சேந்தா! நீ தெற்கே போ, நான் வடக்கே போறேன்!” என்று கத்திக்கொண்டே உய்யவந்தான் செவலையைத் தட்டினான். செவலை பறந்தது.

வெள்ளை திரும்பியது. சேந்தன் கடிவாளத்தை இழுத்தான். அது வாயில் நுரை தள்ள வடக்கே பாய்ந்தது. எப்படிப் பாய்ந்தது தெரியுமா? இப்படி ஒரு குதிரை தனக்கு வாய்க்க வேண்டும் என்று அவன் எத்தனையோ நாள் ஏங்கினானே, அப்படிப் பாய்ந்தது. செவலையின் வால் நெருங்கியது. அதன் இடுப்பு நெருங்கியது. அந்த வேளையில், முதுகுக்குப் பின்னால் ஊர் இருக்க, ஊருக்கு மேலே ஏரி இருக்க, சேந்தனின் நெஞ்சில் ஒரு நினைப்பு எழுந்தது. ‘முந்திவிடலாம்.’

கடிவாளத்தை இழுத்த கை தளர்ந்தது. குதிகால் குதிரையின் விலாவில் இடித்தது.

அப்போது பின்னால் கரை உடையும் ஓசை கேட்டது.

ஓடும் குதிரையிலிருந்து குதித்தான். விழுந்தான், எழுந்தான், மேட்டுப் பாதையைப் பிடித்துத் தெற்கே ஓடினான். தொண்டை கிழியக் கத்திக்கொண்டே அவன் ஊருக்குள் நுழைந்தபோது தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. பிள்ளைகளைத் தோளில் ஏற்றினான், கிழவர்களை முதுகில் சுமந்தான். கோயில் மதில்மேலும் பனைமரத்திலும் ஏறி மனிதர்கள் பிழைத்தார்கள். கட்டியிருந்த மாடுகள் பிழைக்கவில்லை. நெற்குதிரில் இருந்த விதைநெல் பிழைக்கவில்லை. கொலுசும் குடமும் கன்றும் கொடுத்தவர்களுக்குச் சேறுதான் மிஞ்சியது.

வெள்ளம் வடிந்ததும் இரண்டு ஊரும் இலுப்பை மரத்தடியில் மன்றம் கூடின. காவல் தவறியது யாரால் என்று ஒரு பெயரை இரு கரைச் சாட்சிகளின் முன் வாசிக்க வேண்டும். வாசிக்கப்பட்டவனுக்கு அதன் பிறகு மன்றத்தில் பேச உரிமையில்லை. மன்றத்தில் பேசிப் பேசியே வாழ்ந்தவன் சேந்தன். அந்தப் பேச்சைத் தவிர அவனுக்கு வேறு சொத்தில்லை.

“குதிரைக்காரன் ஏமாத்திட்டான்” என்றது தென்கரை. “அவன் பேரை வாசிங்க!”

சேந்தன் தலையை ஆட்டினால் போதும். ஆட்டவில்லை. நிமிரவும் இல்லை.

உய்யவந்தான் எழுந்தான். “எனக்கும் அந்தக் குதிரையோட குறை தெரியும். தெரிஞ்சும் மன்றத்துல வந்து சொல்லாம விட்டேன். எங்க ரெண்டு பேர் பேரையும் சேர்த்தே வாசிச்சுடுங்க” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

ஊர் ஓலை வாசிக்கும் பூவனார் எழுத்தாணியால் கீறினார். கீறிய வரிசையிலேயே வாசிக்கத் தொடங்கினார். “உய்யவந்தானும்...”

“நிறுத்துங்க!” என்று எழுந்தான் சேந்தன். மேல்துண்டு நழுவி விழுந்தது. முதுகுத் தழும்பு எல்லோருக்கும் தெரிந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

“குதிரைக்காரன் மூணு சோதனை சொன்னான். ரெண்டோட நிறுத்தினவன் நான். திருப்பிக் கொடுக்க வழி இருந்தது. வெட்கப்பட்டு வெச்சுக்கிட்டவன் நான். இவன் வீடு தேடி வந்து சொன்னான். விரட்டினவன் நான். இன்னும் ஒண்ணு இருக்கு, அது யாருக்கும் தெரியாது. கரை உடையற நேரத்துல நான் இவனை முந்தப் பார்த்தேன். குதிரை இழுத்துட்டுப் போனது பாதி தூரம். மீதியை நான் ஓட்டினேன். இதுல இவனுக்குப் பங்கில்லை. ஒரு பேர் போதும்.”

அது நேர்மையா, இல்லை உய்யவந்தானுக்குப் பழியில்கூடப் பங்கு தர மனம் வராத கடைசிப் பொறாமையா? தென்கரையில் இன்றும் இதை வைத்துச் சண்டை போடுகிறார்கள். நங்கைக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை. குனிந்து துண்டை எடுத்து அவன் தோளில் போட்டாள்.

வணிகனிடம் குதிரை வாங்கினால் லாபமும் வரலாம், நட்டமும் வரலாம். குதிரையைப் பார்க்காமல் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்து வாங்கினால் நட்டம் மட்டுமே வரும், அதையும் ஊரே சுமக்கும்.

பூவனார் ஓலையில் முதல் பெயரை அடித்தார். இரு கரைச் சாட்சிகளும் எழுந்து நின்றார்கள். அவர் உரக்க வாசித்தார்:

“தென்கரைச் சேந்தன்.”