குடத்தில் இறங்கிய நாதர்

ஏமநல்லூர்த் தாகந்தீர்த்தநாதர் கோயில் வாசலில் வெயில்காலம் முழுதும் தண்ணீர் வார்ப்பதே செம்பாயி அம்மையாரின் திருத்தொண்டு. ஐந்தெழுத்தை உதட்டில் வைத்துக்கொண்டு, கோயில் குளத்தில் குடம் குடமாக மொண்டு தண்ணீர்ப்பந்தல் பானைகளை நிரப்புவார். இன்னார் இனியார் என்று பாராமல் வார்ப்பார். சொந்தம் என்று சொல்ல அவருக்கு யாரும் இல்லை. இடுப்பில் குடத் தழும்பு மட்டும் உண்டு.

அந்தச் சித்திரையில் ஊருக்குள் பேதி புகுந்தது. ஒன்பது நாளில் பதினோரு பேரை வாரிக்கொண்டு போயிற்று. அம்மையார் வீடு வீடாகப் போய்க் கஞ்சி புகட்டினார். போன இடமெல்லாம் ஒன்றைக் கண்டார். படுத்தவர்கள் அத்தனை பேரும் குளத்து நீர் குடித்தவர்கள். ஆற்றுமணலில் ஊற்றுப் பறித்துக் குடிக்கும் குயவர் தெருவில் ஒருவருக்கும் நோயில்லை. குளத்துக்கு வரும் வாய்க்காலில் போய்ப் பார்த்தார். நோயாளிகளின் துணிகளை ஊரே அங்கேதான் அலசிக்கொண்டிருந்தது.

"ஐயனே, உன் பேரைச் சொல்லி நானில்ல நஞ்ச ஊத்தியிருக்கேன்!" என்று அம்மையார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாளோ தீர்த்தவாரி. இறைவனின் சூலத்தைக் குளத்தில் முழுக்காட்டியதும் ஊரார் எல்லாரும் அந்த நீரை மூன்று கை அருந்துவது வழக்கம். அம்மையார் குயவர் தெருவுக்கு ஓடினார். அவர்கள் புதுக்குடமும் தந்தார்கள், சூளை விறகும் தந்தார்கள். ஊற்று நீரைக் கொதிக்கக் காய்ச்சி, ஆறவைத்துச் சுமந்து வந்து, படித்துறையில் இறக்கிவிட்டு, குளத்து நீரைக் குடிக்கவேண்டாம் என்று சொல்லிக் குறுக்கே படுத்துக்கொண்டார்.

சூலத்தோடு வந்த ஊர்வலத்தின் மேளம் படித்துறையில் நின்றது.

"ஏய் செம்பாயி, எந்திரி! சாமி தீர்த்தத்துக்கே குத்தம் சொல்ற அளவுக்கு வந்துட்டியா?" என்று உறுமினார் மணியக்காரர் வீரபாகு. கூட்டம் சிரித்தது. எங்கிருந்தோ ஒரு கல் வந்து அம்மையாரின் நெற்றியைப் பிளந்தது.

"சாமி மேல குத்தமில்லீங்க ஐயா. அவரு குளத்துல நாமதான் நோவுத்துணிய அலசிப்புட்டோம். உங்க மகளும் நேத்துப் படுத்துட்டா. இதக் குடிச்சா இன்னும் எத்தன வீடு அழணுமோ? போறதுன்னா என்னை மிதிச்சிட்டுப் போங்க."

மகள் என்றதும் மணியக்காரருக்கு முகம் சுண்டிற்று. ஆனாலும் வீம்பு விடவில்லை. "மிதிச்சிட்டே போங்க சாமி!" என்று சிவாச்சாரியாரிடம் சொன்னார்.

சூலத்தைத் தலையில் சுமந்திருந்த சிவாச்சாரியார் காலைத் தூக்கினார். ஒரு கையால் தூக்கிவிடுகிற சூலம் மலையாகக் கனத்தது. நால்வர் ஓடிவந்து தாங்கியும் ஓரடி முன்னே நகரவில்லை. கழுத்து நரம்பு புடைக்க அவர் தள்ளாடி, அம்மையாரின் குடத்துப் பக்கம் திரும்பினார். சூலம் பூவாய் லேசாயிற்று.

"அம்மா, சுவாமி உங்க குடத்துலதான் நீராடணும்கிறார்" என்றார் சிவாச்சாரியார்.

அந்தக் குடத்து நீரிலேயே தீர்த்தவாரி நடந்தது. முதலில் கை நீட்டியவர் மணியக்காரர். அருந்தவில்லை, செம்பில் ஏந்திக்கொண்டு மகளிடம் ஓடினார்.

மறுநாள் முதல் தெருவுக்கொரு முறை வைத்து ஊற்றுப் பறித்தார்கள், நீரைக் காய்ச்சினார்கள், வாய்க்காலுக்குக் காவல் இருந்தார்கள். பேதி ஊரைவிட்டுப் போயிற்று. மணியக்காரர் மகள் எழுந்து நடந்தாள். கல்லெறிந்தவன் யாரென்று அம்மையார் கேட்கவேயில்லை. தாகமென்று வந்திருந்தால் அவனுக்கும் வார்த்திருப்பார்.

தம் குளத்தை விட்டு இறைவன் இறங்கி வந்த குடம் அது. அதையும், குடம் சுமந்தே தழும்பேறிய அந்த இடுப்பையும் வணங்குவோம்.