வீட்டுக்குப் போங்க

இந்தக் கதையில் சீடர் மூத்தவர், குரு இளையவர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நடுவில் குழம்பும்.

குருவின் பெயர் ரெஜினா. கோவில்பட்டியில் ஒரு எலெக்ட்ரிக் கடைக்கு மேல்மாடியில் மென்பொருள் எழுதக் கற்றுக்கொடுத்தார். சீடர் கோமதிநாயகம். மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராகப் போய்வந்தவர். கம்பெனி ஆளைக் குறைத்தபோது அவரையும் குறைத்துவிட்டது. பைக்கை விற்று லேப்டாப் வாங்கிக்கொண்டு அந்த மாடிப்படி ஏறினார்.

கூடப் படித்தவள் முத்தரசி. அவளுக்கென்று மெஷின் கிடையாது. எந்தக் கம்ப்யூட்டர் காலியோ அதில் உட்கார்ந்து, பிரவுசரைத் திறந்து, அதற்குள்ளேயே எழுதுவாள். மறுநாள் வேறு கம்ப்யூட்டரில் திறந்தாலும் எழுதியது அப்படியே இருக்கும்.

“வாடகை சைக்கிள்,” என்பார் கோமதிநாயகம்.

“ஓடுதுல்லா அண்ணாச்சி?” என்பாள் அவள்.

ஒருநாள் அவர் குருவிடமே கேட்டார்.

“மேடம், எது நிஜமான வேலை? சொந்த மெஷின்ல எழுதுறதா, பிரவுசர்ல எழுதுறதா?”

ரெஜினா சிரித்தார். சிரித்தபடியே அடுத்த திரையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் கோமதிநாயகத்துக்கு முதல் வேலை வந்தது. பழைய பழக்கத்தில் ஒரு காது டாக்டர் கொடுத்தது. அவரிடம் வருகிறவர்களுக்குக் காது கேட்காது. பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு கம்பவுண்டருக்குத் தொண்டை போய்விட்டது. டோக்கன் நம்பர் சுவரிலுள்ள டிவியில் பெரிதாகத் தெரிய வேண்டும். சரியாக வந்தால் டாக்டருக்குத் தெரிந்த மற்ற ஆஸ்பத்திரிகளிலும் சொல்வார்.

கோமதிநாயகம் எழுதினார். லேப்டாப்பில் நம்பர் பளிச்சென்று மாறியது. அதில் தெரிந்த முகவரியை அப்படியே டாக்டருக்கு அனுப்பினார். ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று ஆரம்பிக்கும் முகவரி.

டாக்டர் போன் செய்தார்.

“ஒண்ணும் வரலையே.”

“இங்க வருது டாக்டர்.”

“உங்களுக்கு வருதுய்யா. எனக்கு வரணும்லா?”

மறுபடி அனுப்பினார். மறுபடியும் வரவில்லை.

“சாயங்காலம் நோயாளிங்க வருமுன்ன டிவியில தெரியணும். இல்லன்னா வேற ஆளைப் பார்த்துக்கிடுதேன்,” என்று டாக்டர் வைத்துவிட்டார்.

கோமதிநாயகம் முகம் செத்துப்போனது. “மேடம், இங்க நல்லா ஓடுது. அவர் போன்லதான் ஏதோ கோளாறு.”

ரெஜினா முகவரியைப் பார்த்தார்.

“வீட்டுக்குச் சாப்பிட வாங்க அண்ணாச்சி. சாப்பிட்டுப் பேசுவோம்.”

“வீடு எங்க மேடம்?”

“கீழே ஆட்டோ நிக்கும். ‘வீட்டுக்குப் போங்க’ன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் சொல்லக் கூடாது.”

குரு சொன்னால் சொன்னதுதான். கோமதிநாயகம் இறங்கிப்போய் ஆட்டோவில் உட்கார்ந்தார்.

“எங்க போகணும்?”

“வீட்டுக்குப் போங்க.”

“யாரு வீட்டுக்கு?”

“வீட்டுக்குன்னு சொன்னாப் போதும்னாங்க.”

டிரைவர் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்படி மொட்டையாச் சொன்னா வண்டி என் வீட்டுக்குத்தான் போகும். இன்னைக்குக் கருவாட்டுக் குழம்பு. வாரீகளா?”

கோமதிநாயகம் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே இறங்கி, இரண்டிரண்டு படியாக மாடி ஏறினார். ரெஜினா அங்கேயே டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

“லோக்கல்ஹோஸ்ட்னா ‘வீடு’ன்னு மட்டும் சொல்ற மாதிரி! டாக்டர் திறந்தா அவர் போனுக்குள்ளயே தேடும். அங்க என் நம்பர் எப்படி இருக்கும்?”

“சாப்பிடுங்க,” என்றார் ரெஜினா.

அவர் சாப்பிடவில்லை. முத்தரசி பக்கத்தில் போய் நின்றார்.

“எம்மா, உன் சைக்கிள்ல பின்னால ஏறிக்கிடலாமா?”

“வாடகை ஆகும் அண்ணாச்சி,” என்றபடி அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் எழுதியதை பிரவுசருக்குள் ஏற்றினாள். ஊர் முழுக்கத் திறக்கக்கூடிய முகவரி ஒன்று கிடைத்தது. அனுப்பினார்கள்.

“டிவியில வந்துருச்சு,” என்றார் டாக்டர். “எழுத்துதான் கடுகு மாதிரி இருக்கு. பின்வரிசைக்குத் தெரியாது. பெருசாக்குங்க.”

சரியாக அந்நேரம் கரண்ட் போனது. முத்தரசியின் திரை இருண்டது. நெட்டும் இல்லை.

“அண்ணாச்சி, சைக்கிள் பஞ்சர்,” என்றாள் அவள். “உங்க சொந்த வண்டியை எடுங்க.”

கோமதிநாயகம் லேப்டாப்பைத் திறந்தார். பேட்டரி இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கினார். முத்தரசி படிக்கட்டு வரைக்கும் தள்ளிப் போய் நின்று பார்த்தாள்.

“தெரியுதா?”

“இன்னும் கொஞ்சம்.”

“இப்போ?”

“ஆங். போதும் போதும்.”

கரண்ட் வந்ததும் அவளே ஏற்றிவிட்டாள். பிறகு மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆறிப்போன சாப்பாட்டை கோமதிநாயகம் அப்போதுதான் சாப்பிட்டார்.

சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டார். எல்லாருக்கும் கேட்கும்படி கோமதிநாயகம் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“கோமதி, பின்வரிசையில ஒரு பெரியவர். எப்பவும் கம்பவுண்டர் போய்த் தோளைத் தட்டித்தான் கூட்டிட்டு வருவான். இன்னைக்கு டிவியைப் பார்த்தாரு, கையிலிருந்த டோக்கனைப் பார்த்தாரு, அவராவே எந்திரிச்சு வந்துட்டாரு. திங்கக்கிழமை வாங்க. இன்னும் ரெண்டு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன்.”

கோமதிநாயகம் போனை மடியில் வைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்தார். முத்தரசி பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள்.

படி இறங்கப் போனவர் பாதியில் நின்றார்.

“மேடம், எது நிஜமான வேலைன்னு கேட்டேன். நீங்க கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே?”

ரெஜினா விளக்கை அணைத்துவிட்டு வந்தார்.

“அந்தப் பெரியவர் எந்திரிச்சாருல்லா அண்ணாச்சி,” என்றார், “அது.”