தேயாத பல்

திருமலைசாமி இருபது வருடம் லேத் ஓட்டியவர். கண் மங்கிய பிறகு, இரும்பைப் பதப்படுத்தும் வேலை கற்க சுகந்தி டீச்சரின் பட்டறைக்கு வந்தார். டீச்சர் அவரைவிடப் பத்து வயது இளையவர். முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர்.

ஒரு காலையில் திருமலைசாமி உடைந்த கியர் பல் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கிணறு வெட்டும் கிரேனின் கியர். அவர் பதப்படுத்தியது. முந்தின நாள் ஒரு பல் முறிய, அடுத்தடுத்த பற்களும் தெறித்துவிட்டன. கிணற்றுக்குள் தொட்டியில் இறங்கிக்கொண்டிருந்த கிரேன்காரர் ராக்கியப்பன் தொட்டியோடு அறுபதடி கீழே போய் விழுந்தார். பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். இனி இடுப்புக்குக் கீழே அசையாதாம்.

“வேலைக் கார்டுல கெட்டி நம்பர் நாற்பத்தஞ்சுன்னுதானே எழுதியிருந்தேன்?” டீச்சர் கேட்டார்.

“ஆமாங்க டீச்சர்.”

“நீங்க எவ்வளவு வெச்சீங்க?”

“அம்பத்தெட்டு. எண்ணெயில முக்கி எடுத்தப்புறம் மறுபடி சூடுகாட்டி இளக்கலைங்க. கெட்டியாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

டீச்சர் பல்லைத் திருப்பிப் பார்த்தார். முறிந்த இடம் கல்லுப்புப் போல மினுங்கியது; கெட்டி மிஞ்சினால் இரும்பு வளையாமல் இப்படித்தான் நொறுங்கும். ஓர் அரத்தை எடுத்து நீட்டினார்.

“ராவுங்க.”

ராவினார். அரம் வழுக்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். அரம்தான் மழுங்கியது; பல்லில் ஒரு கீறல் இல்லை.

“போதும். இது தேயாது” என்றார் டீச்சர். “ராக்கியப்பன் கட்டில்ல கிடக்கிற வரைக்கும் தேயாது.”

திருமலைசாமி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நல்லதுன்னு நினைச்சுத்தான் பண்ணினேன் டீச்சர். நாற்பத்தஞ்சு வெச்ச பழைய கியர் ஒரே வருசத்துல தேஞ்சுபோச்சு. ராக்கியப்பனே அதைத் தூக்கிட்டு வந்து, நாலு பேர் முன்னாடி என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். எனக்குப் பொறுக்கல.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எவ்வளவு கெட்டிதான் வைக்கணும்? நீங்களே சொல்லுங்க.”

“திட்டறதுக்கு எப்படி வந்தார்?”

அவருக்குப் புரியவில்லை. “பஸ் ஸ்டாப்புல இறங்கி நடந்துதாங்க வந்தார்.”

“கியரைத் தோள்ல வெச்சுக்கிட்டா?”

“ஆமாங்க.”

“தேஞ்ச கியர் அவரை நடக்க விட்டுச்சு” என்றார் டீச்சர். “அவ்வளவு கெட்டி போதும்ண்ணா.”