நிற்காத சனி

தேவசகாயம் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர். அறுபதைத் தாண்டிய பிறகு, தொலைநோக்கியில் வானம் பார்க்கக் கற்றுக்கொடுக்க அவருக்கு ஒரு குரு வாய்த்தாள். நாகர்கோவிலில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ரெஜினா. வயதில் அவர் மகளைவிடச் சிறியவள். அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அன்று மகள் ஜெபமலர் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தாள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அவள் வீட்டு வாசலை அவர் இன்றுவரை மிதித்ததில்லை. அவள்தான் வருவாள். வந்தால் சண்டையில்தான் முடியும்.

இந்த முறை சண்டை வேண்டாம், சனியின் வளையத்தைக் காட்டுவோம் என்று புறவாசலில் தொலைநோக்கியை நிறுத்தியிருந்தார். துணைக்கு ரெஜினாவையும் அழைத்திருந்தார்.

பொழுது சாய்ந்து இருட்டியதும் சனி அகப்பட்டது.

“வாம்மா, பாரு!”

ஜெபமலர் குனிந்தாள். “ஒண்ணும் தெரியலயேப்பா.”

அவளை விலக்கிவிட்டு அவர் பார்த்தார். வெறும் கறுப்பு. தேடிப் பிடித்து நடுவில் கொண்டுவந்து, குழாய் அசையாமலிருக்கத் திருகை இறுக்கினார். அவள் கண் வைப்பதற்குள் சனி நழுவியிருந்தது. இன்னும் இறுக்கினார். முக்காலிக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தார். கொசு வேறு பிடுங்கியது.

“இந்தச் சனியன் ஒரு இடத்துல நிக்குதா பாரு! எத்தனை தடவை இழுத்துட்டு வந்தாலும் ஓடுது!”

“யாரைச் சொல்றீங்க?”

“உன்னையா சொன்னேன்?”

“பஸ்ஸுக்கு நேரமாச்சு. நான் கிளம்புறேன்.” ஜெபமலர் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

துவைக்கிற கல்லில் சும்மா உட்கார்ந்திருந்த ரெஜினா எழுந்தாள். “ஒரு நிமிஷம் இருங்கக்கா. சார், நீங்க கையை எடுங்க.”

திருகைத் தளர்த்தினாள். குழாயைச் சனிக்குச் சற்று மேற்கே தள்ளி வைத்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

தேவசகாயம் எட்டிப் பார்த்தார். “என்ன டீச்சர், இதுல ஒண்ணுமே இல்லியே!”

“அக்கா பார்க்கட்டும்.”

ஜெபமலர் அரைமனதாகக் குனிந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பை தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

“அப்பா, வருது... ஓரத்துலருந்து மெதுவா வருதுப்பா. வளையத்தோட!”

அது ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய் மறையும்வரை அவள் நிமிரவில்லை.

தேவசகாயத்துக்குப் பொறுக்கவில்லை. “நான் என்ன பாடுபட்டேன்! நீங்க மட்டும் எப்படி டீச்சர் அதை நிறுத்துனீங்க?”

“நிறுத்தல சார்” என்றாள் ரெஜினா. “அது போற பக்கம் நான் போனேன்.”